கொப்பரை தாங்குமா?

"கொஞ்சமும் தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க ஹில்க்கா. துளி சந்தேகம் வந்தாலும் முடியாதுன்னு எழுதிடுங்க. மனுஷ உயிர்தானே முக்கியம்?" காபியை நீட்டியபடி சொன்னார் ஆலை மேலாளர் ஆர்வோ.

ஹில்க்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் பொறியாளர் அவள். 'முடியாது' என்று சொல்வதில் பேர்போனவள். மற்ற மேலாளர்கள் அவள் பெயரைக் கேட்டாலே தலைதெறிக்க ஓடுவார்கள். இவரோ அவள்தான் வேண்டும் என்று கேட்டு வரவழைத்திருந்தார்.

ஏரிக்கரைக் காகித ஆலை அது. மரக்கூழ் வேகும் பெரிய கொப்பரைக்கு நூற்றெழுபது டிகிரி வரைதான் அனுமதி. புது ரகக் காகிதத்துக்கு நூற்றெண்பத்தைந்து வேண்டும். சூடு ஏற ஏற எஃகின் பலம் குறையும். அனுமதி கிடைக்காவிட்டால் ஆலைக்குப் பூட்டுதான்.

"எங்க வயித்துல அடிக்க வந்திருக்கீங்களா?" என்று நேராகவே கேட்டாள் தொழிற்சங்கத் தலைவி சைமா. ஹில்க்கா கொப்பரையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினாள்.

பழைய வரைபடத்தில் இருந்த தகட்டுக் கனத்தை வைத்துப் போட்டால் கணக்கு உதைத்தது. வேறு இடமாக இருந்தால் அத்தோடு மறுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பாள். ஆனால் ஆர்வோ அவ்வளவு சொல்லியிருக்கிறாரே, துளி சந்தேகமும் மிச்சம் வைக்காமல் பார்த்துவிட வேண்டாமா! கொப்பரை முழுவதையும் அங்குலம் அங்குலமாக அளந்தாள். அன்று கட்டிய புண்ணியவான்கள் வரைபடத்தைவிடத் தடித்த தகட்டைப் போட்டிருந்தார்கள். அளந்த கனத்தைக் கணக்கில் எடுக்க விதியிலும் இடமிருந்தது. பிறகு தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். எந்த மூட்டிலும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஹில்க்கா அனுமதியில் கையெழுத்திட்டாள். சிரிக்கவே யோசிக்கிற அந்த ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். சைமா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நன்றியை உங்க மேலாளருக்குச் சொல்லுங்க. அவர் கறாரா இருக்கச் சொல்லலைன்னா நான் அளந்தே இருக்க மாட்டேன்" என்றாள் ஹில்க்கா மனம் நிறைந்து.

அப்போது பேக்கரி ஆள் பெரிய கேக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். முந்தின நாளே ஆர்வோ சொல்லிவைத்ததாம். ஆர்வோ பதறிப்போய்த் திறக்க வேண்டாம் என்றார். அதற்குள் சைமா திறந்துவிட்டாள்.

'இத்தனை வருட உழைப்புக்கு நன்றி. போய் வாருங்கள்' என்று கிரீமில் எழுதியிருந்தது.

'முடியாது' என்று சொல்வதில் பேர்போன தன்னை ஏன் தேடிப்பிடித்து அழைத்தார் என்பது ஹில்க்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சைமா நிதானமாகக் கத்தியை எடுத்தாள். 'போய் வாருங்கள்' இருந்த துண்டை மட்டும் வெட்டி ஆர்வோவிடம் நீட்டினாள். "இது உங்களுக்கு. மிச்சத்தை நாங்க சாப்பிட்டுக்கறோம்."