வக்கீலுக்காக ஒரு நேர்ச்சை

"அந்தக் குளச்சல் ஜனங்க முகத்துல நான் எப்பிடி முழிப்பேன், ஜெயபாய்?" என்றார் முத்துநாயகம்.

வில்வண்டி இரணியலைத் தாண்டிக் குளச்சலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெயபாய் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தோத்தது நீங்க. அவங்களுக்கு என்ன?"

"உனக்குத் தெரியாது. நான் ஓட்டு கேக்கப் போனப்போ, அந்தோணியார் குருசடி முன்னால அவ்வளவு மெழுகுவர்த்தி எரிஞ்சுது. எதுக்குன்னு கேட்டேன். 'வக்கீலேமானோட எலெக்சனுக்குத்தான் நேர்ச்சை'ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. நம்ம சபையில எனக்காக ஒருத்தன் கண்ணை மூடி ஜெபிச்சிருப்பானா?"

"நிறைய பேரு கண்ணை மூடினாங்களே. நீங்க பேசினப்போ."

முத்துநாயகம்தான் முதலில் சிரித்தார். தன்னைக் கேலி செய்வதில் அவர் மற்றவர்களுக்கு இடம் வைப்பதில்லை.

"அதுவும் சரிதான். நெய்யூர்ச் சந்தையில என் பேச்சைக் கடைசி வரைக்கும் நின்னு கேட்டது ஒரு ஆடு. அதுவும் என் மாலையைத் தின்னு முடிக்கதுக்காக நின்னுது."

சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. நாகர்கோவில் கோர்ட்டில் எத்தனையோ வருஷமாக அவர் சர்க்கார் வக்கீல். சட்டசபைக்கு ஜெயித்தால் விதிப்படி அந்த வேலையை விட வேண்டும். விட்டால் என்ன? திருவனந்தபுரத்தில் நாலு தடவை எழுந்து கேள்வி கேட்டால் திவான் கண்ணில் படலாம். பிறகு சமஸ்தானத்துக்கே ஹெட் சர்க்கார் வக்கீல் ஆகலாம். அந்த நாற்காலிக்காக ஜரிகைத் தலைப்பாகைகூட முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். நேற்று எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினார்கள். கனவு அந்த மேஜையிலேயே முடிந்துபோனது.

"தலைப்பாகையை என்ன செய்ய?" என்று கேட்டாள் ஜெயபாய்.

"மீன் வாங்கப் போகும்போது கொண்டு போ. ஜரிகை இருக்கதால வழியில சிந்தாது."

வண்டி சிறிது தூரம் போனது. பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"எந்த ஊரு என்னைக் கவுத்துச்சுன்னு தெரியல்ல. என் சொந்தக்காரங்களாத்தான் இருக்கும். ஆனா குளச்சல்காரங்க சத்தியமா கைவிட்டிருக்க மாட்டாங்க. அதான் நேர்ல போய் ஒரு நன்றி சொல்லிட்டு வரலாம்னு கிளம்பினேன். அதுலயும் அந்த ததேயுஸ்! கள்ளப் புகையிலை வள்ளத்துல இறக்கினான்னு மூணு தடவை அவனைக் கூண்டில ஏத்தினவன் நான். கொஞ்சமாவது வன்மம் உண்டா? என்னைக் கண்டா எழும்பி நின்னு கும்பிடுதான். கேசு நடத்துறதுல ஒரு நேர்மை இருந்தா எதிரிக்குக்கூட மரியாதை வரும், பாத்துக்க."

ஜெயபாய் வெளியே தென்னந்தோப்பைப் பார்க்கத் தொடங்கினாள்.

சாலையோரத்துச் சிலுவைக் கோயிலான குருசடி வந்தது. முத்துநாயகம் வண்டியை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கல் அடுப்பில் பெரிய வார்ப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குருசடிக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பெண்கள் துவையல் அரைத்தபடி பாடினார்கள்.

"ஐயோ, இவங்களுக்குச் செய்தி இன்னும் வந்து சேரல்ல" என்றார் மனைவியிடம். தோற்றபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

ததேயுஸ் வேட்டியில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தான்.

"ஏமானே, வரணும் வரணும்! அம்மாவும் வந்திருக்கியளா? ஏலே இஞ்ஞாசி, அந்த பெஞ்சை எடுத்துப் போடுலே!"

அவன் மனைவி ரீத்தா பனையோலைப் பட்டையில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். முத்துநாயகம் அதை வாங்கவில்லை.

"ததேயுஸ், அடுப்பை அணைக்கச் சொல்லு. நான் தோத்துட்டேன்."

"தெரியும் ஏமானே. நேத்து சாயங்காலமே ஆள் வந்து சொல்லிட்டான். விடியக்காலமே அடுப்பு மூட்டியாச்சு."

முத்துநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தார். தோற்றவனுக்காகவும் கஞ்சி காய்ச்சும் ஜனங்கள்! அவரால் தாங்க முடியவில்லை. பட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு நான் என்ன செய்வேன்? ஜெயிச்சிருந்தா உங்களுக்காகச் சட்டசபையில பேசியிருப்பேன். இனி பழையபடி கோர்ட்டுலதான் கிடக்கணும்."

"அந்தோணியாருக்கு ஸ்தோத்திரம்!" என்று யாரோ பின்னாலிருந்து உரக்கச் சொன்னார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முத்துநாயகம் அதை ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார். ஜெயபாய்தான் ரீத்தாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க சபையில இந்த வழக்கம் கிடையாது, அதான் கேக்கேன். நேந்தது பலிக்கல்லன்னாலும் கஞ்சி ஊத்துவியளா?"

"அதெப்பிடி அம்மா? பலிச்சாத்தானே ஊத்துவோம்!"

முத்துநாயகத்தின் கையில் பட்டை பாதி வழியில் நின்றது. அவர் ததேயுசைப் பார்த்தார். ததேயுஸ் தலையைச் சொறிந்தான்.

"ஏமான் கோவிச்சுக்கப்பிடாது. எங்க நாலாவது கேசு வாற மாசம் விசாரணைக்கு வருது. மூணு தடவையும் எங்களுக்கு எதிரா ஏமான் வாதாடினதாலதான் கோர்ட்டுல எங்களை விட்டாங்க. ஏமான் ஜெயிச்சு திருவனந்தபுரம் போயிட்டா, அந்த இடத்துக்கு வேலை தெரிஞ்ச ஒருத்தன் வந்துருவானே!"