பச்சைப் பொட்டலம்

இன்டர்நெட்காரர் லியாவ் மூன்றாவது முறையாக வந்து ரவுட்டரை மாற்றினார், கம்பியையும் மாற்றினார். விளக்குகள் எரிந்தன, இணையம் வரவில்லை.

இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க, தைனான் நகரில் எல்லோர் வீட்டிலும்போல பெய்-ஜுன் வீட்டிலும் மோடத்தின் மேல் தேங்காய்ச் சுவைப் பொரி அடைத்த பச்சைப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். போன வாரம் பசியில் அவள் அதைத் தின்றுவிட்டு, காகிதத்தைத் திணித்து ஒட்டி வைத்திருந்தாள்.

“மூணு தடவை வந்தும் முடியலைன்னா எதுக்குய்யா உனக்கு இந்த வேலை?” என்று அவள் கணவன் கத்தினான்.

லியாவ் அவள் பக்கம் திரும்பினார். “அக்கா, பொட்டலத்தை யாராவது பிரிச்சீங்களா?”

“சேச்சே, அதை யாரு தொடப்போறா?” என்றாள், உடைந்த முன்பல் தெரியாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

அவர் அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “நிறைஞ்சுதான் இருக்கு. அப்போ தப்பு என்னோடதுதான்.” படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார். 

அவர் போனதும் பெய்-ஜுன் பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதத்தைக் காணோம். விளிம்புவரை பொரி இருந்தது. விரல் நீளமிருந்த ஒன்றை எடுத்தாள். அதில் கடித்த தடம் இருந்தது, நடுவில் ஒரு பல் உடைந்த இடைவெளியோடு. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது.