குடைக்கம்பி

துப்பறியும் நாவலுக்கான விருதை ஒன்பது வருடமாகக் கொடுப்பவர் பூட்டுக் கம்பெனி முதலாளி அருளானந்தம். விருதும் அவர் வடிவமைத்த பூட்டுதான். அதனுள் ஏழு தகடுகள். ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு, ஏழும் ஒன்றாக எழுந்தால்தான் கொண்டி விலகும். ‘சாவியின்றித் திறவாது’ என்ற அந்த ஒரு வரியில்தான் கம்பெனியே நின்றது. இந்த ஆண்டு பரிசு பெற்ற நாவலிலோ, கொலைகாரன் அந்தப் பூட்டைக் குடைக்கம்பியால் திறக்கிறான்.

“கதைக்குச் சரிம்மா, நெசத்துல நடக்குமா?” மேடைக்குப் பின்னால் நாவலாசிரியை ஷம்ஷாத்திடம் சிரித்தபடி விருதுப் பூட்டையே நீட்டினார்.

“கோவிச்சுக்கக் கூடாது சார். செஞ்சு பாக்காம எழுத மாட்டேன். இதைப் பழக நாலு மாசம் ஆச்சு.”

அவள் கைப்பையிலிருந்து கம்பியை எடுத்தாள். கொண்டியை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடிக் கம்பியை நுழைத்தாள். அருளானந்தம் காதைப் பூட்டருகே கொண்டுபோனார். ஒன்றாக எழ வேண்டிய தகடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, இழுபட்ட கொண்டியின் பிடியில் அடுத்தது வரும்வரை அப்படியே காத்து நின்றன. முப்பது வருடத்தில் அவருக்கு இது தோன்றியதே இல்லை. ஏழாவதும் எழுந்தது. கொண்டி விலகியது.

மேடையில் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள்.

அவர் பூட்டை அழுத்திப் பூட்டி அவளிடமே நீட்டினார்.

“இன்னொரு தடவைம்மா. மெதுவா.”