ஊசி போட்ட இடம்

"அம்மா, கோபப்படாம கேளுங்க. உங்களுக்கு ஊசி போட்ட நர்ஸ் ஹெலனோட வீட்டுக்காரன் நான்."

சொல்லிவிட்டு ஆண்ட்ரூஸ் ஓரடி பின்வாங்கினான். கோழி கொக்கரித்தாலே திரும்பிப் பார்க்கிற ஆள் அவன். ஆள் சேர்ந்து அடிக்க வந்தால் ஓடுவதற்கு, பரமத்தி வேலூரில் ஒரு சந்துகூடத் தெரியாது.

"உள்ள வாங்க சாமி" என்று செல்லாயி வலது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இடது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

முகாமில் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து அந்தக் கை மேலே எழும்பவில்லை. ஏணி ஏறி வெற்றிலை கிள்ளுகிற பிழைப்பு போயிற்று. நஷ்டஈடு கேட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டாள். நாளைக்கு விசாரணை.

விசாரணை நோட்டீஸைப் படித்துவிட்டு ஹெலன் வழக்கம்போல டூட்டிக்குப் போய்விட்டாள். சோறு இறங்காதது ஆண்ட்ரூஸுக்குத்தான். ஹெலனின் பதினோரு வருஷ ஒப்பந்த வேலை அடுத்த மாதம்தான் நிரந்தரமாகிறது. மளிகை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தான்.

"மனுவ வாபஸ் வாங்கிடுங்கம்மா. தானா வந்த வலின்னு எழுதியே கொண்டாந்திருக்கேன். ரேகை வெச்சா போதும்." காகிதத்தை நீட்டினான்.

"ஏனுங்க, அது பொய்யில்லீங்களா?"

வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"உங்க மனு மட்டும் உண்மையா? யாரோ வக்கீல் தூண்டிவிட்டிருக்கான்!"

செல்லாயி மனுவின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

'ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்ததால், கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டு ஊசி போட்டார். தசையில் போகவேண்டியது தோள் மூட்டில் இறங்கிவிட்டது. தவறு முழுக்க நர்ஸுடையது.'

பக்கத்தில் நின்று பார்த்தவர்கூட இவ்வளவு துல்லியமாக எழுத முடியாது.

"எந்த வக்கீலம்மா இத எழுதினது?"

"வக்கீலெல்லாம் இல்லீங்க. ஒருத்தங்க வந்து கையத் தூக்கச் சொல்லிப் பாத்தாங்க. எனக்கு முடியல. அழுதுட்டாங்க. அப்பறம் அவங்களே எழுதிக் குடுத்தாங்க."

"யாரு?"

"பேரச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிப்போட்டேனுங்க. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பயந்துக்குவாராமா."

இத்தனை நேரம் பயத்தில் ஆண்ட்ரூஸ் எழுத்தைக் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தான்.

சட்டைப் பையில் இருந்த மளிகைச் சீட்டிலும் அதே கையெழுத்து. காலையில் ஹெலன் எழுதிக் கொடுத்தது.