ஏறி வரும் வண்டி

எங்கேயாவது ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு நாள் தூங்கினால் போதும். மலையும் வேண்டாம், மேலே இருக்கிற வெள்ளிமலை ஊரும் வேண்டாம்.

அப்படி நினைத்துக்கொண்டே அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினாள் அமிர்தம். எதிரே ஒரு ஜீப் நின்றது.

சாலையில் பாதியை ஜல்லிக் குவியல் அடைத்திருந்தது. மீதியில் ஒரு வண்டிதான் போகும். அவள் கார் ஏறிக்கொண்டிருந்தது, ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்று அடிவாரத்து டீக்கடையில் ஒரு பஸ் டிரைவர் சொல்லியிருந்தார்.

ஜீப் அசையவில்லை.

கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். தோள்பட்டையிலிருந்து விரல் வரை வலித்தது.

நான்கு நாளாகத் தனியாக ஓட்டுகிறாள். திருக்கோவிலூரில் கிளம்பி, கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜ், நைனார்பாளையத்தில் கூடப் படித்த விஜயலட்சுமியின் வீடு, மறுபடியும் அதே லாட்ஜ். கத்திரி வெயில். ஏசி போட்டால் மேட்டில் வண்டி திணறுகிறது. கண்ணாடியை இறக்கி ஓட்டி முகமெல்லாம் புழுதி.

இந்த நான்கு நாளும் ஒன்றை மட்டும் காப்பாற்றி வந்திருக்கிறாள். சாவியை யார் கையிலும் கொடுக்கவில்லை.

அது அவ்வளவு சுலபமில்லை. அமிர்தத்துக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது.

பதினோரு வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் காரில்தான் போகிறாள். ஆனாலும் தெரியாது. காலையில் அவள் கணவர் கண்ணாயிரம் காரைப் பின்னால் எடுத்து, தெருவில் நேராக நிறுத்திச் சாவியைக் கொடுப்பார். சாயங்காலம் வாசலில் ஹாரன் அடித்தால் வந்து வாங்கிக்கொள்வார். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம், "முன்னால போனா போதாதா ஒனக்கு? பின்னால எடுக்கத்தான் நான் இருக்கேனே" என்பார்.

கேட்பவர்களுக்கு அது கொஞ்சலாகத்தான் இருக்கும். அவளுக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

ஆகவே இந்தப் பயணத்தில், நிறுத்தினால் நேராக வெளியே போக முடிகிற இடமாகப் பார்த்தே நிறுத்தினாள். வாசல் குறுகலான நல்ல சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாள். நேற்று மதியம் பெட்ரோல் பங்க் ஓரத்தில் இரண்டு வாழைப்பழம்.

ஜீப் டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னாங்கம்மா, ஏத்தத்துல தூங்கிட்டீங்களா? அந்தப் பலா மரம் வரைக்கும் பின்னால வுடுங்க. எனக்கு ஆளும் புளி மூட்டையுமா ஜாஸ்தி கெடக்குது."

அவள் கண்ணாடியில் பின்னால் தெரிந்த பலா மரத்தைப் பார்த்தாள்.

"வூட்டுக்காரரு வரலீங்களா?"

அதற்கும் பேசவில்லை.

ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த மௌனத்துக்குத் தானே ஓர் அர்த்தம் கண்டுகொண்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனாலும் கேட்டது.

"ராஜதுரை, வாயக் கொறடா. பாவம், ஆம்பள தொணை இல்லாம வந்துக்கினு இருக்குது. நீயே எடுத்துக் குடுத்துட்டு வா."

ராஜதுரையின் முகம் மாறிவிட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சாவியக் குடுங்கம்மா. நானே பின்னால எடுத்து வுட்டுர்றேன். ஒரு நிமிசம்."

நல்ல மனிதர்தான். அதுதான் அவளை இன்னும் களைப்பாக்கியது. இதுவரை சாவிக்காக அவள் முன் நீண்ட கைகள் எல்லாமே நல்ல கைகள்.

கடைசியாக வேறொரு கை இந்தச் சாவியைத் தொட்டது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

கண்ணாயிரம் வழக்கம்போலக் காரைப் பின்னால் எடுத்தார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. இறங்கி அதை எழுப்பிவிட்டு, மறுபடி ஏறி, கவனமாக வளைத்து நேராக நிறுத்தினார். சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பாங்குக்குப் போகிறாள் என்று நினைத்தார். பின்சீட்டுக்குக் கீழே இருந்த துணிப்பையைக் கவனித்திருந்தால் கேட்டிருப்பார்.

"வரும்போது அரைக் கிலோ தக்காளி" என்றார்.

நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று அன்று சாயங்காலமே செய்தி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு பைக்குள் அலைபேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. திரும்பிப் போய் வாசலில் ஹாரன் அடித்தால் அவர் வருவார். கோபப்படக்கூட மாட்டார். கையை நீட்டுவார்.

ராஜதுரை நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமிர்தம் விரல்களை மூடிக்கொண்டாள். சாவியின் பற்கள் உள்ளங்கையில் அழுந்தின.

"வேணாம் தம்பி" என்றாள். "நீங்க ஜீப்பப் பின்னால எடுங்க. நான் நிக்கிறேன்."