முன்பக்கத்து லிஃப்ட்

இனி பல் டாக்டரின் கையில்தான் எல்லாம் இருந்தது. கமிட்டியில் மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். அவள் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பொண்ணு நம்ம பக்கம்தான் அக்கா. வந்ததுலேர்ந்து உன்னையேதான் பார்த்துக்கிட்டு இருக்கு. மனசு இரங்கிடுச்சு, பாரு" என்று பக்கத்து வீட்டு டிரைவர் கிசுகிசுத்தான். இஸ்திரிக்காரம்மா கைகளைப் பிசைந்துகொண்டாள்.

கீழே கடைகள், அதற்கு மேல் ஆபீஸ்கள், அதற்கும் மேல் வீடுகள் என்று எழும்பிய புதுக் கட்டிடம் அது. முன்பக்கத்து வீடுகள் நல்ல விலைக்குப் போயின. பின்பக்கத்துச் சின்ன வீடுகளை, நகரத்தில் அங்கங்கே வீடு இடிபட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் மாடிக்கு மாடி ஒரு காரிடார் இணைத்தது. ஆனால், லிஃப்ட் இருந்தது முன்பக்கம் மட்டும்தான்.

அந்தக் காரிடாருக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவதா வேண்டாமா என்பதற்குத்தான் இன்றைய கூட்டம்.

"இதுல உசத்தி தாழ்த்தின்னு எதுவும் கிடையாது, பாதுகாப்புக்காகச் சொல்றோம்" என்றார் செயலாளர். "அவங்களுக்குத்தான் பின்னால படிக்கட்டு இருக்கே. ஏறி இறங்கினா உடம்புக்கும் நல்லது."

"லிஃப்ட்ல ஏறினா என்னென்னமோ வாடை அடிக்குது சார். என்னைத் தேடி வர்றவங்க மூக்கைப் பிடிக்கிறாங்க" என்றார் ஜிம்காரர்.

"வாடைக்குக் கதவு போடறதா இருந்தா முதல்ல உங்க ஜிம்முக்குத்தான் போடணும்" என்றார் துணிக்கடைக்காரர். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஜிம்காரர் முறைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் இஸ்திரிக்காரம்மா எழுந்தாள்.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. நாங்க இருக்கறது நாலாவது மாடி. சாயங்காலமானா சக்கர நாற்காலியில வெச்சு லிஃப்ட்லதான் கீழ இறக்குவேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் அவருக்கு. கதவைப் பூட்டிட்டீங்கன்னா, அப்புறம் நாலு பேர் தூக்கினாத்தான் அவர் கீழ வருவார்."

சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயலாளர் விடவில்லை. "உனக்கு வேற இடத்துல தரைத்தளத்துலேயே வீடு தந்தாங்களாமே? இல்ல, இந்தக் கட்டிடம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னியாமே? ஏன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கேன்னா தேய்க்கத் துணி நிறைய வரும்ல, அதான்" என்று யாரோ சொன்னார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் போட்டிருந்தது அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை.

"டாக்டர், இனி நீங்கதான் சொல்லணும்" என்று செயலாளர் திரும்பினார். "அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு மருமகளா வரப்போறவங்க. ஆனா மாமனாருக்காகச் சொல்ல வேண்டாம். மனசுல படறதைச் சொல்லுங்க."

பல் டாக்டர் எழுந்து நின்றாள். அவள் பார்வை இஸ்திரிக்காரம்மாவிடம் போய் நின்றது.

"அவங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றாள். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆனா ஒருத்தருக்காக எல்லாரும் சிரமப்பட முடியாது. கதவு போட்டுடலாம்."

முன்வரிசையில் கைதட்டல் எழுந்தது. டிரைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான்.

"ஒரு மனுஷனை உசுரோட அடைச்சு வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு டாக்டரா? உன்னைப் பெத்தவ..."

"பெத்தவளை இழுக்காதே!"

இஸ்திரிக்காரம்மாவிடமிருந்து அப்படி ஒரு குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. டிரைவர் அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்காகத்தானே அக்கா பேசினேன்?"

"எனக்காக யாரும் பேச வேண்டாம். போ."

அவன் போய்விட்டான். மற்றவர்களும் கலைந்தார்கள். "கிளம்பறப்போ அந்த நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சுட்டுப் போம்மா" என்று செயலாளர் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

பாதி முடிந்திருக்கும். பல் டாக்டர் எதையோ மறந்து வைத்தவள் போலத் திரும்பி வந்தாள். காரிடாரை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, ஹால் கதவைச் சாத்தினாள்.

"கோபமா?" என்றாள்.

"கோபம் எதுக்கு? உன் நிலைமை உனக்கு." இஸ்திரிக்காரம்மா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "படிக்கட்டுல எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன். கல்யாணம் இந்த ஹால்லதானே? அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிடச் சொல்லு. அவர் கடைசியில ஒரு ஓரமா இருந்து பார்த்துட்டு வந்துடுவார். யாரு என்னன்னு ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டார்."

பல் டாக்டர் சாத்திய கதவை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீயும் அப்பாவும் செத்துட்டதாத்தான்மா அந்த வீட்டுல சொல்லியிருக்கேன்."