ஒன்றாம் வீட்டுக் கதவு

திருச்சிக்கு வெளியே அந்தக் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகளுக்கும் ஒரே சமையலறை. அதைத் தொடங்கிய பிலோமினா ஒரே ஒரு விதிதான் வைத்தார்: சாப்பிட வராதவர் வீட்டுக் கதவை அன்றைய முறைக்காரர் போய்த் தட்ட வேண்டும். அவர் இறந்து மூன்று வாரத்தில், பழைய கருவிக்குப் பதிலாக, அவர் குரலிலேயே வருகை கேட்கும் புதிய கருவியைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

முதல் நாள் முறை மங்கையுடையது.

"ஒண்ணாம் வீடு இன்னும் வரலையே. மங்கை, போய்ப் பாத்தியாம்மா?"

ஒன்றாம் வீடு பிலோமினாவுடையது. பட்டியலிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள்.

"அக்கா தன்னையே தேடுது பாரு," என்றார் ரஹீம். கூடம் சிரித்தது. "பாத்தேன்னு சொல்லிடு மங்கை, இல்லன்னா விடாது."

மூன்று வாரம் முன்பும் முறை அவளுடையதுதான். அன்று நல்ல மழை. பழைய கருவி ஒன்றாம் வீட்டைப் பற்றிக் கேட்டபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பாத்தேன், தூங்குறாங்க" என்றாள். காலையில் கதவை உடைத்தார்கள். குளியலறையில் விழுந்து கிடந்தவருக்கு விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். தூக்கத்திலிருந்து எழுந்து போய் விழுந்திருப்பார் என்று எல்லாரும் நம்பினார்கள். கடைசியாக அக்காவைப் பார்த்தவள் என்று மங்கையிடம் கூடுதல் பரிவாக இருந்தார்கள்.

"மங்கை, பாத்தியா?"

"இல்லக்கா," என்றாள். "அன்னிக்கும் நான் போகல."

சிரிப்பு நின்றது. ரஹீம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சரி, இப்பப் போய்க் கூட்டிட்டு வா," என்றது குரல். "சோறு ஆறுதுல்ல."